கீரைக்கு எதிராக ஒரு பட்டியல்

“ஸ்ஸ்.”

அவ்வளவுதான் கேட்டது. நான் கண்ணைத் திறக்கவில்லை. ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டுப் பகலில் படுக்கிறவனுக்குக் கண் என்பது மூடி வைக்கிற உறுப்பு. காதுக்குத்தான் யாரும் இமை வைக்கவில்லை.

“ஸ்ஸ்.”

கேஸ் கசிகிறதோ என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். வாசனை இல்லை. பாம்போ? மூன்று மாடி ஏறி வந்து என்னைக் கடிக்கிற அளவுக்கு எந்தப் பாம்புக்கும் என்மேல் பிரியம் கிடையாது. குழாயோ? குழாய் இப்படி நிறுத்தி, யோசித்து, தயங்கித் தயங்கிக் கசியாது. எழுந்து கதவிடுக்கில் கண்ணை வைத்தேன்.

என் மனைவி தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே பழைய செய்தித்தாள், அதன்மேல் ஒரு கட்டுக் கீரை. ஆய்ந்துகொண்டிருந்தாள். மெல்லிய தண்டு பேசாமல் முறிந்தது. தடித்த தண்டு வந்தால் ஒரு கணம் அதையே பார்த்தாள். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்தாள். உதட்டைக் கடித்தாள். முறித்தாள். அப்போதுதான் அவள் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. வந்ததும் படுக்கையறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் தலையை இழுத்துக்கொண்டேன். கட்டிலுக்கு ஓடிப்போய், தூங்குகிறேன் என்பதற்கு அத்தாட்சியாக நாலு குறட்டை விட்டேன்.

குறட்டை விட்டபடியே யோசித்தேன். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறாள். தாழ்ப்பாளை முழங்கையால் தள்ளுகிறாள். துணியைப் பிழியாமல் சொட்டச் சொட்டக் கொடியில் போடுகிறாள். அவள் விரல் கணுக்கள் இஞ்சித் துண்டு மாதிரி வீங்கிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்துத்தான் இருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதில் எனக்குப் பங்கு உண்டு. பங்கு என்ன, முழுக் குற்றமும் என்னுடையதுதான்.

நான் ஒரு பெரிய உணவுக் கிடங்கில் டின் தட்டுகிறவன். சிரிக்காதீர்கள், அது ஒரு வேலை. பெட்டி பெட்டியாக டின்கள் வரும். சின்னக் குச்சியால் ஒவ்வொன்றின் தலையிலும் தட்ட வேண்டும். நல்ல டின் ‘டங்’ என்னும். உள்ளே கெட்டுப்போனது ‘டொம்’ என்னும். ‘டொம்’ என்பதை ஒதுக்க வேண்டும். ராத்திரிக்கு மூவாயிரம் தலை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் டின்னுக்குப் பதிலாக நானே ‘டொம்’ என்று விழுந்தேன். பெட்டி தள்ளுகிற வண்டியில் என்னை வைத்து, விடிந்ததும் வீட்டு வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார்கள்.

டாக்டர் ரத்தம் குறைவு என்றார். மாத்திரை எழுதினார். “கீரையும் சாப்பிடுங்க” என்று போகிற போக்கில் சொன்னார். வாரத்துக்கு இரண்டு நாள் என்று நினைத்துச் சொன்னாரோ என்னவோ. என் மனைவி அதை ஆயுள் தண்டனையாக எடுத்துக்கொண்டாள். தினமும் ஒரு கட்டு. மாத்திரை மூன்று மாதத்தில் நின்றது. கீரை நிற்கவில்லை. என் ரத்தம் ஏறிவிட்டது. அவள் விரல் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் நேராகவே கேட்டுப் பார்த்தேன்.

“விரல் வலிக்குதா?”

“எந்த விரல்?”

“பத்துல ஏதாவது ஒண்ணு.”

“பத்தும் என்னோடது. உங்களுக்கு என்ன வேணும்?”

“டாக்டர்கிட்ட காட்டலாம்ல?”

“காட்டினா வேலை செய்யாதேம்பார். அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு உங்க குறட்டைய எண்ணிட்டு இருக்கவா?”

“ஒரு நாள் கீரை இல்லாம இருந்தா நான் செத்தா போயிடுவேன்?”

மறுநாள் இரண்டு கட்டு ஆய்ந்தாள். அதுதான் பதில்.

அப்போதுதான் அந்த மகத்தான முடிவை எடுத்தேன். இவளிடம் பாசத்தால் ஜெயிக்க முடியாது. அறிவால் ஜெயிப்போம்!

அறிவு விஷயத்தில் நான் கொஞ்சம் வசதியானவன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. மீதியை எடைக்கு விற்ற புத்தகங்களில் நானே படித்துக்கொண்டேன். கிடங்கில் எனக்குப் பேர் ‘புரொபசர்’. பெட்டி தூக்குகிறவர்கள் மழை வருமா என்பதைக்கூட என்னிடம்தான் கேட்பார்கள். தப்பாகச் சொன்னாலும் நம்புவார்கள். வீட்டில் ஒருத்தர் நம்பினால் போதும் என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன்.

என் அலமாரியில் உணவுச் சத்துப் பட்டியல் என்று ஒரு தடித்த புத்தகம் உண்டு. உலகத்தில் வாயில் போடக்கூடிய எல்லாப் பொருளுக்கும் நூறு கிராமில் என்னென்ன இருக்கிறது என்று வரிசை வரிசையாக எண் போட்டிருக்கும். கிடங்கில் லேசாக நசுங்கிய தக்காளி டின்களை எங்களுக்கே எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். உள்ளே சரக்கு நன்றாகவே இருக்கும், முகத்தில்தான் அடி. அந்த டின் தக்காளி கீரைக்குச் சமம் என்று நிரூபித்துவிட்டால் போதும். ஆய வேண்டாம். முறிக்க வேண்டாம். திற, கொட்டு, சூடாக்கு. அவள் விரல் பிழைக்கும்.

புத்தகத்தைத் திறந்தேன். தக்காளி சமம் இல்லை.

வெந்த கீரையில் இரும்பு ஏறக்குறைய மூன்றரை மில்லிகிராம். டின்னில் அடைத்த தக்காளியில் ஒன்று வந்தாலே பெரிய விஷயம். சுண்ணாம்புச் சத்தில் தக்காளி கிட்டவே நிற்கவில்லை. ஏ வைட்டமினைப் பார்த்தேன், புத்தகத்தை மூடிவிட்டேன். சி வைட்டமினில் மட்டும் இரண்டும் ஏறக்குறைய தோளோடு தோள் நின்றன. அதை வைத்துக்கொண்டு எங்கே போவது?

மறுபடி திறந்தேன். நேர்மையாகப் படித்தால் கிடைக்காதது கொஞ்சம் கோணலாகப் படித்தால் கிடைக்கும். வெந்த கீரைக்கு மேலே பச்சைக் கீரை என்று ஒரு வரிசை. வேகாததில் தண்ணீர் அதிகம், ஆகவே நூறு கிராமில் இரும்பு கம்மி. ரெண்டே முக்கால்தான். தக்காளிக்குக் கீழே தக்காளி விழுது என்று ஒரு வரிசை. சுண்டக் காய்ச்சியது, ஆகவே எல்லாம் கூடுதல். இரும்பு மூன்று! பச்சையை இந்தப் பக்கமும் விழுதை அந்தப் பக்கமும் எழுதினேன். ‘பச்சை’யையும் எழுதவில்லை, ‘விழுது’ என்பதையும் எழுதவில்லை. கீரை, தக்காளி, அவ்வளவுதான். முப்பது வருஷப் படிப்பை வைத்து நான் செய்த முதல் மோசடி.

காலையில் வேலை முடிந்து வந்ததும், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் தாளை விரித்தேன்.

“என்ன இது, மளிகைச் சீட்டா?”

“சத்துப் பட்டியல். இந்தப் பக்கம் கீரை, அந்தப் பக்கம் தக்காளி. நூறு கிராமுக்கு நூறு கிராம்.”

“யார் கேட்டாங்க?”

“அறிவியல் கேட்டுது.”

“அது சாப்பிட்டாச்சாமா?”

“விளையாடாதே. இரும்பைப் பார். கீரை ரெண்டே முக்கால். தக்காளி மூணு.”

“மூணா? டின்னையும் சேர்த்தா?”

“டின்னை விட்டுட்டு!”

“ஓஹோ.” தாளைத் தன் பக்கம் திருப்பினாள். “சுண்ணாம்புச் சத்து எங்க காணோம்?”

“இடம் பத்தலை.”

“இவ்வளவு வெள்ளையா கிடக்கு?”

“அது ஓரம். ஓரத்துல எழுதக் கூடாது.”

“ஏ வைட்டமின்?”

இவளுக்கு ஏ வைட்டமின் எப்படித் தெரியும்? ரேடியோவில் கேட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். “ரெண்டுலயும் இருக்கு. அதை விடு. லைகோபீனைப் பார்!”

“அது யாரு?”

“தக்காளியோட சிவப்பு. உடம்புக்கு அவ்வளவு நல்லது. கீரையில துளி கிடையாது. டின்ல வெந்து வர்ற தக்காளியில அது பச்சையா திங்கறதைவிட நல்லா உடம்புல சேருமாம்.”

இது மட்டும் உண்மை. உண்மையைச் சொல்லும்போது என் குரல் தானாகவே உயர்ந்தது.

“இத்தனை வருஷமா அவ எங்க போயிருந்தா?” என்றாள். தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். “சரி. இனிமே டின்னே எடுத்துட்டு வாங்க.”

“நிஜமாவா?”

“நீங்க படிச்சவர். நான் என்னத்தைக் கண்டேன்?”

இருபத்தாறு வருஷத்தில் அவள் இந்த வாக்கியத்தைச் சொன்னதே இல்லை. அந்த இடத்திலேயே நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. இன்னொரு கை சோறு போட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் அமைதி. படுத்துக்கொண்டு காதைத் தீட்டினேன். ஒரு சத்தம் இல்லை. அவள் விரல்கள் எங்கோ ஓய்வாகக் கிடக்கின்றன என்று நினைத்தபோது, யாரிடமும் சொல்ல முடியாத ஒரு சந்தோஷம் வந்தது. சொல்ல முடியாத சந்தோஷம் கொஞ்ச நேரத்தில் துக்கம் மாதிரி ஆகிவிடுகிறது. ஏன் என்று என் புத்தகங்களில் தேடியும் கிடைக்கவில்லை.

சாப்பாட்டில் தக்காளி வந்தது. காலை தக்காளி. மாலை தக்காளி. கிடங்குக்குக் கொண்டுபோகிற டப்பாவிலும் தக்காளி. மூன்றாம் நாள் அதன் நிறம் கொஞ்சம் கறுத்திருந்தது. “அடி பிடிச்சுதா?” என்றேன். “அடுப்பு சரியில்ல” என்றாள். ஐந்தாம் நாள் இன்னும் கறுத்திருந்தது. நானே அவளுக்கு விளக்கம் சொன்னேன். “லைகோபீன் அதிகமானா இப்படித்தான் கறுக்கும்.”

“அப்படியாங்க?” என்று கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். கேட்கிற ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கால் மணி நேரம் பேசினேன்.

எட்டாம் நாள் நடுப்பகலில் விழிப்பு வந்தது. வீட்டில் சத்தம் இல்லை. சத்தம் இல்லாததில் இரண்டு வகை உண்டு. ஆள் இருந்து சத்தம் போடாதது ஒன்று. ஆளே இல்லாதது ஒன்று. தட்டிப் பார்த்துப் பிழைக்கிறவனுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். கூடத்தில் அவள் இல்லை. சமையலறையில் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன்.

கீழ்த்தளத்தில் ஒரு தையல்கார அம்மா இருக்கிறாள். கட்டிடத்தில் பாதிப் பேர் உடுப்பு அவள் கையால் ஆனது. அவள் அறைக் கதவு திறந்திருந்தது. தையல் மெஷின் ஓடவில்லை. என் மனைவியின் குரல் கேட்டது. உள்ளே எட்டிப் பார்த்தேன்.

அவள் வெட்டுத் துணிகளுக்கு நடுவே, தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே செய்தித்தாள். அதன்மேல் கீரை. ஒரு கட்டு இல்லை, மூன்று கட்டு. மேஜையருகே தையல்கார அம்மா நின்று, நான் கொண்டுவந்த தக்காளி டின் ஒன்றை இடுப்போடு அணைத்துப் பிடித்து, ஓப்பனரால் ‘கிரக் கிரக்’ என்று திருகித் திறந்துகொண்டிருந்தாள்.

“வாங்கண்ணே,” என்றாள் நிமிராமலே. “டின்காரரே வந்துட்டாருக்கா.”

என் மனைவி கையில் இருந்த தண்டைக் கீழே வைத்தாள்.

“என்ன நடக்குது இங்க?” என்றேன். குரலைக் கம்பீரமாகத்தான் ஆரம்பித்தேன். பாதியில் அது என்னை விட்டுவிட்டது.

“நான் டின்னைத் திறக்கறேன். அக்கா எனக்குக் கீரை ஆஞ்சு தர்றாங்க. எனக்கு எங்கண்ணே நேரம்? எட்டு நாளா நல்ல ஏற்பாடு.”

“வீட்டுல ஓப்பனர் இருக்கே?”

“இருக்கு,” என்றாள் தையல்கார அம்மா. “கையும் வேணும்ல? முதல் நாள் அக்கா திருகிப் பார்த்திருக்காங்க. டின் நழுவிக் கால்ல விழுந்து, விரலைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டே இறங்கி வந்தாங்க. நீங்க இந்த டின்னு ஒண்ணையாவது திறந்து பார்த்திருக்கீங்களா அண்ணே?”

யோசித்தேன். ராத்திரிக்கு மூவாயிரம். மாதத்துக்கு எத்தனை, வருஷத்துக்கு எத்தனை. இந்த ஊரில் நான் தட்டாத டின் இல்லை. திறந்த டின் ஒன்றுகூட இல்லை.

“மெல்லிசுத் தண்டு முறிக்கிறது வேற, இதைத் திருகறது வேற,” என்று சொல்லி அவள் மூடியைத் தனியே எடுத்தாள். “எனக்குக் கத்தரி பிடிச்சுப் பிடிச்சு மணிக்கட்டு உரமேறிப் போச்சு. எனக்கே ரெண்டு தடவை நின்னு மூச்சு வாங்குது.”

நான் மனைவியின் எதிரே உட்கார்ந்தேன்.

“ஏன் சொல்லலை?”

“எவ்வளவு பெருமையா தாளை விரிச்சீங்க,” என்றாள். “என் விரலுக்காகத்தான் அவ்வளவு பொய்யும்னு தெரிஞ்சப்புறம், முடியாதுன்னு எப்படிச் சொல்றது?”

“விரலுக்காகன்னு எப்படித் தெரியும்?”

“அன்னிக்குக் கதவிடுக்குல நின்னது யாரு? திரும்பப் போய்ப் படுத்து நாலு குறட்டை விட்டீங்களே. தூங்கறப்போ உங்க குறட்டை அவ்வளவு ஒழுங்கா வராது.”

தையல்கார அம்மா மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

“சரி. அப்போ எனக்கு எட்டு நாளா கீரை கிடையாது. இன்னும் உசிரோடதானே இருக்கேன்?” கடைசி வாதமாக இதை எடுத்துப் போட்டேன். “அதாவது நிரூபணம் ஆயிடுச்சு.”

“கறுத்துப் போச்சுன்னு கேட்டீங்களே. அது என்னன்னு நெனச்சீங்க?”

என் கண் செய்தித்தாளில் கிடந்த கீரைக்குப் போனது.

“கீரைய வேகவெச்சு மசிச்சு அதுலதான் கலந்தேன். மூணு கட்டுல ஒண்ணு நம்ம வீட்டுக்கு. நீங்கதான் அதுக்கும் ஒரு பேர் சொல்லிக் கால் மணி நேரம் பேசினீங்க.”

எட்டு நாளில் அவள் ஒரு நாள்கூடக் கீரையை நிறுத்தவில்லை. நான் நிறுத்தியது, அவள் வீட்டில் உட்கார்ந்து ஆய்வதை மட்டும்தான். ஒரு கட்டு மூன்று கட்டானது என் சாதனை.

“போதும்,” என்றேன். “இன்னிக்குச் சாயங்காலமே டாக்டர்கிட்ட போறோம். நீ என்ன சொன்னாலும் சரி.”

அவள் ஒரு இலையைக் கிள்ளித் தனியே வைத்தாள்.

“போயாச்சுங்க.”

“எங்க?”

“டாக்டர்கிட்ட. போன மாசமே. நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. இவதான் கூட வந்தா.”

தையல்கார அம்மா இப்போது சிரிக்கவில்லை. டின்னில் இருந்ததைக் கிண்ணத்தில் ஊற்றினாள். ரொம்ப மெதுவாக ஊற்றினாள்.

“என்ன சொன்னார்?”

“வராதுன்னார்.”

“எது வராது?”

வலது கையைத் தூக்கிக் காட்டினாள். மடக்கினாள். மூன்று விரல் மடங்கின. நடு விரலும் மோதிர விரலும் பாதி வழியில் நின்றுவிட்டன.

“இது ரெண்டும் இவ்வளவுதானாம். இனிமே பழையபடி ஆகாதாம். மத்ததும் இப்படி ஆகாம இருக்கணும்னா சும்மா வெச்சுக்கக் கூடாதாம். சின்னச் சின்ன வேலை செய்யணுமாம். முறுக்கறது, திருகறது, அது மட்டும் ஆகாது. கீரை ஆயறேனே பரவாயில்லையான்னு கேட்டேன். ரொம்ப நல்லதுன்னார். தடிச்ச தண்டை மட்டும் வேற யார்கிட்டயாவது கொடுக்கச் சொன்னார்.”

நான் அந்த இரண்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஆகக்கூடிய ஒரே வேலையைத்தான் நான் பாடுபட்டு நிறுத்தினேன். ஆகவே ஆகாத வேலையைத்தான் பையில் போட்டுச் சுமந்து வந்து கொடுத்தேன்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்,” என்றேன்.

“சொன்னா நீங்க பகல்லயும் தூங்க மாட்டீங்க.” கையை மடியில் இறக்கிக்கொண்டாள். “வண்டியில வெச்சுத் தள்ளிட்டு வந்தாங்களே, அன்னிக்கு உங்க கால் ரெண்டும் வெளிய தொங்கிட்டு இருந்துது. இன்னொரு தடவை என்னால அதைப் பார்க்க முடியாதுங்க.”

வெளியே யாரோ படியில் ஏறிப் போனார்கள்.

என் மானத்தில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. “அந்தப் பட்டியல் பொய்னு எப்போ தெரிஞ்சுது?” என்றேன்.

“விரிச்சப்பவே. கீரைன்னு எழுதினது பச்சைக் கீரை வரிசை. பச்சையா திங்க நீங்க என்ன ஆடா? வெந்தது அதுக்கு அடுத்த வரிசையில இருக்கு. தக்காளின்னு போட்டது விழுது. நீங்க கொண்டு வர்றது முழுத் தக்காளி.”

“உனக்கு... அந்தப் புத்தகம்...”

“பகல் பூரா நீங்க தூங்கறீங்க. சத்தம் வராத வேலைன்னு வீட்டுல எவ்வளவு இருக்கு? கீரை ஆஞ்சு முடிச்சதும் உங்க அலமாரியிலதான் உக்காருவேன். எல்லாம் படிச்சாச்சு. அதை ரெண்டு தடவை.”

தையல்கார அம்மா மெஷினில் உட்கார்ந்து காலை வைத்தாள். அது மெல்ல ஓட ஆரம்பித்தது. என் மனைவி கீரையைக் கிளறி, தடித்த தண்டுகளாகப் பொறுக்கி என் பக்கம் தள்ளினாள்.

“இலையோட சேர்த்து முறிச்சிடாதீங்க,” என்றாள். மெல்லிய தண்டு ஒன்றை எடுத்து ஆய ஆரம்பித்தாள்.